ஜெர்மன் பூர்வீகம் தேடித் தருகிறோம் என்று வாங்கிய 2,400 டாலர்

அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள், அப்படி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்குப் போனது 2,400 டாலர். அது போனால் போகட்டும். 81 வயதான என் மாமனார் பட்ட வேதனையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நான் மயிலாடுதுறைப் பக்கம். என் வீட்டுக்காரர் பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுண்டியைச் சேர்ந்தவர் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). குடும்பப் பெயர் மில்லர். எங்கள் கல்யாணத்துக்கு வந்த மாமனாரைக் குலதெய்வம் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தோம். "எத்தனையோ தலைமுறையா இங்கதான் பொங்கல் வைக்கிறோம்" என்று என் அப்பா சொன்னது அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. தனக்கும் ஒரு சொந்த ஊர் இருந்திருக்குமே, அதன் பெயர்கூடத் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று அதற்கப்புறம் அடிக்கடி சொல்வார். அவருக்குத் தெரிந்ததெல்லாம், காலனி காலத்தில் ஜெர்மனியிலிருந்து யோஹன்னஸ் முல்லர் என்று ஒருவர் கப்பலேறி வந்தார், இங்கே ஜான் மில்லர் ஆனார் என்பதுதான்.

இந்தப் பெயரில்தான் சிக்கலே. ஜெர்மனியில் மிக அதிகமானவர்களுக்கு இருக்கும் குடும்பப் பெயர் முல்லர். மாவு அரைக்கும் ஆலைக்காரர் என்று அர்த்தம். ஆலை இல்லாத ஊர் ஏது? யோஹன்னஸும் தெருவுக்கு இரண்டு பேர் வைத்திருந்த பெயர். ஆகவே 1700-களின் எந்த ஜெர்மன் தேவாலயப் பதிவேட்டைப் பிரித்தாலும் ஒரு யோஹன்னஸ் முல்லர் கிடைத்துவிடுவார். அவர் நம்மவர்தானா என்று நிரூபிப்பதுதான் வேலை. எங்களை ஏமாற்றியவர்கள் அந்த வேலையைச் செய்யவே இல்லை.

இணையத்தில் விளம்பரம் பார்த்துத்தான் அந்த நிறுவனத்திடம் போனோம். "உங்கள் ஜெர்மன் கிராமத்தைக் கண்டுபிடித்தே தருவோம்" என்று போட்டிருந்தார்கள். பாதிப் பணம் முன்பணம். ஏழு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில் தோல் அட்டை போட்ட 84 பக்கப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் வண்ணத்தில் "மில்லர் குலச்சின்னம்". உள்ளே, ஜெர்மனியின் பலட்டினேட் பகுதியில் ஒரு கிராமம், 1712-இல் ஞானஸ்நானம், 1738-இல் பிலடெல்பியாவில் இறங்கிய கப்பல், மனைவியின் பெயர், வயது எல்லாம் இருந்தன. மாமனார் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அடுத்த கோடையில் நாங்கள் நான்கு பேரும் அந்தக் கிராமத்துக்கே போனோம்.

தேவாலயத்தில் ஞானஸ்நானத் தொட்டியின் கல்லை அவர் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். மறுநாள், ஊர் வரலாற்றைக் கவனித்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தோம். ஜெர்மனியில் பல ஊர்களுக்கு, பழைய பதிவேடுகளை எல்லாம் சேர்த்துக் குடும்பம் குடும்பமாகத் தொகுத்த புத்தகம் உண்டு. அவர் அதை எடுத்து, 1712-இல் பிறந்த யோஹன்னஸைத் தேடினார். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி, 1716. அந்தக் குழந்தை நான்கு வயதிலேயே இறந்துபோய், அதே ஊரில் அடக்கமும் ஆகிவிட்டது. ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தவர்கள் அடக்கப் பதிவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசிரியருக்குக் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் அந்த ரிப்போர்ட்டை நான் வரி வரியாகப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். "பெர்க்ஸ் கவுண்டி நிலப் பத்திரம், 1744" என்று ஓர் ஆதாரம் கொடுத்திருந்தார்கள். பெர்க்ஸ் கவுண்டி உருவானதே 1752-இல். பிலடெல்பியா, லங்காஸ்டர், செஸ்டர் கவுண்டிகளிலிருந்து பிரித்து உருவாக்கினார்கள். 1744-இல் எழுதிய பத்திரம் என்றால் அந்தப் பழைய கவுண்டி ஒன்றின் பெயரில்தான் இருக்க முடியும். பென்சில்வேனியாவில் தேடுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

அடுத்தது கப்பல். 1727 முதல், பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மன்காரர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கி என்ற இருவர் பதிப்பித்து 1934-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். உறுதிமொழி எடுத்தவர்கள் பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள். சில கப்பல்களுக்கு மட்டும் கேப்டன் கொடுத்த பட்டியலில் பெண்கள், குழந்தைகள் பெயர் இருக்கும். ரிப்போர்ட் சொன்ன கப்பலை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அப்படியானால் மனைவியின் பெயரும் வயதும் எங்கிருந்து வந்தன?

கையெழுத்து விஷயம் இன்னும் மோசம். ஒரு தொகுதி முழுவதும் அசல் கையெழுத்துகளின் நகல்தான். அந்தக் கப்பலில் வந்த யோஹன்னஸ் முல்லர் தெளிவான ஜெர்மன் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் 1750-ஆம் வருடப் பத்திரத்தில் எங்கள் முன்னோர் போட்டிருப்பது கீறல் மட்டும்தான், நம் ஊர்க் கைநாட்டு மாதிரி. வயதாகிக் கை நடுங்கினால் எழுதத் தெரிந்தவரும் கீறல் போடுவார், உண்மைதான். ஆனால் ரிப்போர்ட் கணக்குப்படியே பார்த்தாலும் அப்போது அவருக்கு 38 வயது.

குலச்சின்னத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் மட்டும் அந்தப் பெயர்க்காரர் எல்லோருக்கும் பொதுவான சின்னம் வந்துவிடாது. குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது அது. இந்த வியாபாரம் புதிதும் இல்லை. 1942-இல் இறந்த குஸ்டாவ் அஞ்ஜூ என்பவர் பணக்கார அமெரிக்கர்களுக்குப் பொய் வம்சாவளி எழுதிக் கொடுத்தே பிழைத்தவர்.

இதையெல்லாம் எழுதி ஈமெயில் அனுப்பினேன். "ஆய்வு முடிவு எங்கள் கருத்து மட்டுமே, ஒப்பந்தத்தில் உத்தரவாதம் இல்லை என்று குறிப்பிட்டுள்ளோம்" என்று இரண்டு வரியில் பதில். விளம்பரத்தில் ஒன்று, ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் வேறொன்று. கார்டு நிறுவனத்தில் புகார் கொடுக்கப் போனால் கெடு முடிந்திருந்தது.

அதனால் யாருக்காவது பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள், பத்து மணி நேர வேலை போதும். ஒவ்வொரு தகவலுக்கும் அசல் பதிவின் ஸ்கேன் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கிராமத்தைக் கண்டுபிடித்தே தருவோம் என்கிறவரிடம் போகாதீர்கள். நேர்மையான ஆய்வாளர் அப்படிச் சொல்ல மாட்டார், பதிவேடு எரிந்துபோயிருக்கலாம், போரில் அழிந்திருக்கலாம். முக்கியமாக, ஜெர்மனியில் ஆரம்பிக்கிற ஆளை நம்பாதீர்கள். அமெரிக்காவில், நம் முன்னோர் வாழ்ந்து செத்த இடத்திலிருந்துதான் பின்னோக்கிப் போக வேண்டும். உயில், பத்திரம், வரிப் பட்டியல், இங்கே பிள்ளைகளுக்குக் கொடுத்த ஞானஸ்நானம். அதில் ஞானப்பெற்றோராக, அதாவது பிள்ளைக்குப் பொறுப்பேற்று, நின்றவர்கள் யார், பக்கத்து நிலம் யாருடையது என்று பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்தே கப்பலேறி, சேர்ந்தே குடியேறியது உண்டு.

ஒரு விஷயம் என்னை நெகிழவைத்தது. இங்கே அமெரிக்காவில் லுத்தரன் கிறிஸ்தவ சபைகளை ஒழுங்குபடுத்திய போதகர் ஹென்றி மியூலன்பர்க்கை 1742-இல் அனுப்பியவர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தார். அதே ஹாலேவின் தொடர்புதான், 1706-இல் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குக்கும். இரண்டு நாட்டுக் கடிதங்களும் அங்கே ஒரே காப்பகத்தில் இருக்கின்றன என்று மாமனாரிடம் சொன்னேன். வெகுநாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

இப்போது நாங்களே தேடுகிறோம். 1747-இல் இங்கே நடந்த ஒரு ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோராக ஒரு தம்பதி இருக்கிறார்கள், அவர்கள் நிலம் எங்கள் முன்னோர் நிலத்தை ஒட்டியது. அவர்கள் ஹைடல்பெர்க்குக்குத் தெற்கே க்ரைஷ்காவ் பகுதியில் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள் என்பது வரை உறுதியாகியிருக்கிறது. அந்தக் கிராமத்திலும் ஒரு முல்லர் குடும்பம் இருக்கிறது. மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. அடக்கப் பதிவேட்டை முதலில் பார்த்து முடிக்க வேண்டும், 1730 வரை வந்திருக்கிறேன்.