மீட்டரில் 12.6 காட்டுகிறது என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்

கிருஷ்ணகிரி பக்கம் காரில் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கி ஆர்வத்துக்காகப் பேசும் வயர்லெஸ் செட்), சின்ன ஃப்ரிட்ஜ், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் என்று எதையாவது மாட்ட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே லட்சணத்தில் செய்பவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள்.

என்னுடையது 50 வாட் ஹாம் ரேடியோ செட். மைக்கை அழுத்திப் பேசினால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சும்மா கேட்கும்போது ஒரு ஆம்பியர்கூட வராது. காரோடு வந்த சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 120 வாட் என்று போட்டிருந்தது. அதாவது 10 ஆம்பியர்தான். அதனால் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துத் தனி சாக்கெட் போடச் சொன்னேன். 15 ஆம்பியர் தாங்க வேண்டும் என்று சொல்லித்தான் வண்டியை விட்டேன். "ஹெவி வயரே போட்டுடறேன் சார், கவலையே படாதீங்க" என்றார் கடைக்காரர். கூலியோடு 2,200 ரூபாய்.

ராயக்கோட்டை தாண்டி பெட்டமுகிலாளம் மலைமேல் நிறுத்திக்கொண்டு பெங்களூரு நண்பர்களைக் கூப்பிட்டேன். அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நான் மைக்கை அழுத்தினால் செட் அணைகிறது, விட்டால் மறுபடி எரிகிறது.

கடைக்குத் திரும்பினால், மல்டிமீட்டரைச் சாக்கெட்டில் வைத்து 12.6 வோல்ட் காட்டினார். "கரண்ட் ஃபுல்லா வருது பாருங்க. உங்க செட்டுலதான் கோளாறு. இன்னொரு 900 ரூபா குடுங்க, ஸ்டெபிலைசர் மாட்டிடலாம்."

ஏமாற்று வேலை இந்த 12.6-இல்தான் இருக்கிறது. மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது; அதனால் நூல் மாதிரி வயர் போட்டிருந்தாலும் முழு வோல்ட்டைத்தான் காட்டும். மீட்டரை எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு மைக்கை அழுத்தினேன். 9-க்குப் பக்கத்தில் விழுந்தது. உடனே "பேட்டரி வீக்" என்று கதை மாறியது. சரி, பேட்டரி முனையிலேயே வைத்துப் பாருங்கள் என்றேன். அங்கே, நான் பேசும்போதும் 12-க்குக் குறையவில்லை. மூன்று வோல்ட்டை நடுவில் தின்றது அவர் போட்ட வயரிங். இந்த மாதிரி செட்டுகள் பொதுவாக 13.8 வோல்ட்டுக்கு 15 சதவீதம் கூடக் குறைய இருந்தால் தாங்கும். 11.7-க்குக் கீழே போனால் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

தருமபுரியில் தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதையெல்லாம் பிரித்துப் போட்டார். ரப்பர் உறைதான் தடிமன், உள்ளே இருந்த கம்பி மெல்லிசு. பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகப் பளபளக்கிறது: செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். எர்த் வயர், அதாவது மைனஸ் வயர், பேட்டரிக்கே போகவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் பெயிண்ட் அடித்த ஒரு தகட்டில், பெயிண்டைச் சுரண்டாமலே திருகி வைத்திருந்தார்கள். இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். அந்த மெல்லிசு வயருக்கு 30 ஆம்பியர் பியூஸ் போட்டிருந்தார்கள், அதுவும் பேட்டரிப் பக்கத்தில் இல்லாமல் சாக்கெட் பக்கத்தில்! வயர் எரியாமல் இருக்கத்தானே பியூஸ்? பியூஸுக்கு முன்னாலேயே, இன்ஜின் பக்கம் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டிருந்தால் அந்த பியூஸுக்கு வேலையே வந்திருக்காது, வயர்தான் பற்றியிருக்கும்.

இப்போது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பிளஸ் மைனஸ் இரண்டும் பேட்டரி வரை, பேட்டரியை ஒட்டி 15 ஆம்பியர் பியூஸ். பேசும்போது வயரில் அரை வோல்ட்கூட இறங்குவதில்லை.

உங்களிடம் ரேடியோ இல்லையென்றால் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைச் சாக்கெட்டில் எரியவிட்டு அளக்கச் சொல்லுங்கள். அது நாலரை ஆம்பியர் எடுக்கும். அதற்கே பேட்டரிக்கும் சாக்கெட்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு கால் மணி நேரம் எரிந்த பிறகு பிளக்கைத் தொட்டும் பாருங்கள். நடு முனை சரியாகப் பதியாத மட்டமான சாக்கெட் அதற்குள் சுட ஆரம்பித்துவிடும். லாரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: உங்கள் வண்டி 24 வோல்ட், 12 வோல்ட் செட்டை நேராக மாட்டினால் போச்சு.

பழைய வயரைக் கொண்டுபோய்க் கடைக்காரர் மேஜையில் வைத்துவிட்டுப் பணத்தைக் கேட்டேன். "பில் இருக்கா சார்?" என்றார். அவர் கொடுத்தது கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஜிபே ரசீதாவது கையில் இருக்கிறது.