எல்.எஸ். பெல்ட், தோள் பெல்ட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கீழ் முதுகைத் தாங்கும் எல்.எஸ். (லம்போ சேக்ரல்) இடுப்பு பெல்ட் கேட்டால் மெடிக்கல் கடையில் பெரும்பாலும் பேன்ட் சைஸைத்தான் கேட்பார்கள். அளவு தவறுவது அங்கேதான். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும், எல்.எஸ். பெல்ட் தொப்புளைச் சுற்றி உட்காரும். வயிற்றை எக்காமல், தொப்புள் மட்டத்தில் நாடா சுற்றி அளக்க வேண்டும். பேன்ட் 34 போடுகிறவருக்கு இங்கே 38 வந்தால் ஆச்சரியமில்லை. டைனர், ஃபிளமிங்கோ, விஸ்கோ என்று கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். 'மீடியம்' என்ற சொல்லை விட்டுவிட்டு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் அங்குலத்தைப் பாருங்கள். போட்டுப் பார்த்த பெல்ட்டைப் பல கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

இந்த பெல்ட்டின் உயிர் முதுகுப் பக்கத்துப் பட்டைகளில் இருக்கிறது. தைத்த உறைகளுக்குள் அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செருகியிருப்பார்கள். அலுமினியம்தான் என் தேர்வு, ஏனென்றால் அதை வளைக்கலாம். கீழ் முதுகு இயல்பாகவே உள்வாங்கியிருக்கும். பட்டை நேராக இருந்தால் அந்தக் குழியைத் தொடாமல் மேலும் கீழும் மட்டும் குத்தும். "குத்துது" என்று மூலையில் போடப்படும் பெல்ட்டுகள் பலவற்றில் கோளாறு இதுதான். பட்டையை உருவி, முதுகின் வளைவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் திரும்பச் செருகினால் சரியாகிவிடும்.

போடும் முறை: மெல்லிய பருத்தி பனியனுக்கு மேல், நின்றபடி, பெல்ட்டின் பின்பகுதியுடைய மையம் முதுகெலும்பின் மேல் வருமாறு வைக்க வேண்டும். கீழ் விளிம்பு இடுப்பெலும்பின் மேட்டை மூட வேண்டும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே முன்பக்க வெல்க்ரோவை ஒட்டி, பிறகு பக்கவாட்டு எலாஸ்டிக் பட்டைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் முன்னால் இழுத்து ஒட்ட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தால் பெல்ட் ஒரு பக்கம் கோணும். உள்ளே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். அப்படியே உட்கார்ந்து பாருங்கள்: தொடையில் இடித்தாலோ விலாவில் ஏறினாலோ பெல்ட்டின் உயரம் உங்களுக்கு ஒத்துவராது.

வலி இருக்கும் நாட்களில் நீண்ட பைக் பயணம், நின்றே பார்க்கும் வேலை ஆகியவற்றுக்கு இது நல்ல துணை. சாய்ந்து ஓய்வெடுக்கும்போதும் தூங்கும்போதும், மருத்துவர் சொன்னாலொழிய, கழற்றிவிட வேண்டும். வலி வராமல் தடுக்கும் என்று வாங்குவது வீண். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், காயம் இல்லாத தொழிலாளர்களுக்கு இடுப்பு பெல்ட்டைப் பரிந்துரைப்பதில்லை என்று 1994-லேயே சொல்லிவிட்டது.

தோள்களைப் பின்னால் இழுக்கும் எட்டு வடிவ 'போஸ்சர் கரெக்டர்' வேறு கதை. கூன் போட்டு உட்காருவது பல சமயம் இடுப்பு பின்னால் சரிவதில் தொடங்குகிறது. இது தோளை மட்டும் பிடித்து இழுக்கிறது. இறுக்கினால் அக்குள் நரம்புகள் அழுந்தி விரல்கள் மரத்துப்போகும், உடனே கழற்ற வேண்டும். நிமிர நினைவூட்டும் கருவியாக 20, 30 நிமிடம் போடலாம், அவ்வளவே. அந்தக் காசில் மானிட்டரின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்த ஒரு ஸ்டாண்டு வாங்குவது மேல். வளரும் பிள்ளையின் முதுகு ஒரு பக்கமாக வளைந்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம். அது ஸ்கோலியோசிஸாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் கோணம் அளந்து, தேவையென்றால் உடலுக்கேற்பச் செய்யும் பிரேஸ்தான் அதற்கு.

குடலிறக்கம், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வயிற்றை இறுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குத் தனி பெல்ட் உண்டு. கால் பலமிழந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ பெல்ட்டைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் போன்ற நியோபிரீன் வேண்டாம், வேர்க்குரு வந்துவிடும். காற்றோடும் வலைத்துணி எடுங்கள். துவைக்கும்முன் பட்டைகளை உருவி, வெல்க்ரோவை ஒட்டி மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் நூலும் முடியும் சிக்கி அதன் பிடி போய்விடும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். சிக்கிய நூலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கலாம். இழுத்த எலாஸ்டிக் பழைய நீளத்துக்குத் திரும்பாவிட்டால் பெல்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.