கேம்பரோடு புது ஊருக்கு: எங்கே நிறுத்தினால் வேலை கிடைக்கும்?

கேம்பரில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில், குடியிருந்தபடி புது ஊரில் வேலை தேடக் கிளம்புகிறவர்கள் சோலார், பேட்டரி என்று வண்டிக்கே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வேலைக்கு எடுப்பவர் வண்டிக்குள் எட்டிப் பார்க்கப்போவதில்லை. எங்கே தங்கியிருக்கிறீர்கள், கூப்பிட்டால் போனை எடுப்பீர்களா, எத்தனை நாள் இருப்பீர்கள் என்றுதான் கேட்பார். வண்டியை நிறுத்தும் இடத்தைப் பொறுத்து இதற்கான பதில் மாறும். எனக்குத் தெரிந்து நாலு வழி.

முதல் வழி தெருவோரம். வாடகை இல்லை, ஆனால் காலைப்பொழுது போய்விடும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயமில்லாமல் பயன்படுத்தலாம். அதாவது 600 வாட்-அவர். அதில் பெரும்பங்கை ஃபிரிட்ஜ் குடித்துவிடும், மிச்சத்தில்தான் லேப்டாப்பும் போனும். லித்தியம் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும். குளிர் உறைநிலைக்குக் கீழே போனால் அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. கேசட் டாய்லெட்டின் (கழிவுத்தொட்டியைக் கழற்றி எடுத்துப்போய்க் கொட்டும் வகை) தொட்டி ஏறக்குறைய 20 லிட்டர், இரண்டு பேர் இருந்தால் சில நாளில் நிரம்பிவிடும். கழிவைக் கொட்ட ஓரிடம், தண்ணீர் பிடிக்க ஓரிடம், குளிக்க இன்னோரிடம் என்று அலைந்து முடிப்பதற்குள் பத்து மணி நேர்முகத்துக்கு நேரமாகிவிடும்.

குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை. ஒரு கிலோ புரோபேன் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். அடுப்போ, புகைக்குழாய் இல்லாத ஹீட்டரோ அதை வண்டிக்குள்ளேயே விட்டுவிடும். சட்டையெல்லாம் நமத்துப்போய் ஒரு வாடை. நமக்குப் பழகிப்போகும், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவருக்குப் பழகாது. (கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் அந்த ஹீட்டரைத் தொடவே வேண்டாம்.) வண்டியில் இரவு தூங்கத் தடை இருக்கும் ஊர்களும் உண்டு, நடுராத்திரி யாராவது கதவைத் தட்டினால் மறுநாள் முகத்தில் தெரியும்.

அடுத்தது, மாத வாடகைக்கு இடம் தரும் கேம்பர் பார்க். பணம் போகும். ஆனால் 230 வோல்ட், 16 ஆம்பியர் இணைப்பு என்றால் சுமார் 3,700 வாட் கையில், ஷவர் பக்கத்தில், துணி துவைக்க மெஷின். அதைவிடப் பெரிய லாபம் அக்கம்பக்கம். ஒரு வருஷமாக அங்கேயே இருப்பவருக்கு எந்தக் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள், எந்த மேஸ்திரி கூலியை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. சிக்கலும் உண்டு. இத்தனை வாரத்துக்கு மேல் தங்கக்கூடாது என்று சில பார்க்குகளில் கட்டுப்பாடு. அந்த முகவரியை நிரந்தர முகவரியாகக் கொடுக்க விடாத இடங்களும் இருக்கின்றன. பெரும்பாலும் ஊர் எல்லையில் இருக்கும் என்பதால் போக்குவரத்தையும் யோசிக்க வேண்டும். இழுத்துச் செல்லும் வகை என்றால் கழற்றிவிட்டுக் காரில் வேலைக்குப் போகலாம். எஞ்சினும் வீடும் ஒன்றான வண்டி என்றால் தினமும் வயரையும் குழாயையும் பிடுங்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு சைக்கிள் வாங்கிவிடுவது மேல்.

மூன்றாவது, பார்க்கிலோ பண்ணையிலோ வேலை செய்து, பதிலுக்கு நிறுத்த இடம் வாங்கிக்கொள்வது. வந்த அன்றே வேலையும் இடமும் சேர்ந்து கிடைப்பதால் கவர்ச்சியாக இருக்கும். இடத்துக்கு ஈடாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்கு மேல் உழைத்தால் கூலி உண்டா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீசன் முடிந்தால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். அங்கே பழகுகிறவர்களும் நம்மைப் போலவே வந்து போகிறவர்கள், ஊர்க்காரர்கள் குறைவு. நற்சான்றுக் கடிதம் ஒன்று மிஞ்சும், அது உதவும்தான்.

கடைசி வழி, யாராவது ஒருவர் வீட்டுக் காலியிடம். ஊரில் ஒட்டிக்கொள்ள இதற்கு ஈடில்லை. "நம்ம வீட்டுப் பக்கத்துலதான் இருக்காங்க, நல்லவங்க" என்று வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொன்னால் போதும். ஆனால் வந்து இறங்கிய அன்றே இது அமையாது, பழக்கத்தில் வருவது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் உள்ளூர் விதி குறுக்கே வரும்.

என்னைக் கேட்டால் முதல் இரண்டு மாதம் பார்க், கிடைக்கிற பகுதிநேர வேலை, அதற்குள் ஒரு காலியிடம். பணம் அறவே இல்லாதவருக்கு மூன்றாவது வழி. தெருவோரத்தை ஒன்றிரண்டு ராத்திரிக்கு மேல் நான் சொல்லமாட்டேன். பார்க்கில் முன்பணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்தில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: என் பேருக்குத் தபால் வந்தால் வாங்கி வைப்பீர்களா?