சீனாவில் ஆசிரியர் வேலை: குடும்பத்தோடு போனால் பல்கலைக்கழகமா, சர்வதேசப் பள்ளியா?

சீனாவிலிருந்து இரண்டு வேலைக் கடிதங்கள் வந்திருக்கின்றன, எதை எடுக்கலாம் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது மாதச் சம்பளத்தைத்தான். தனி ஆள் என்றால் சரி, அதிகம் தருகிற பக்கம் போய்விடலாம். பெண்டாட்டி பிள்ளையோடு போகிறவர் அந்த எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. பிள்ளை எங்கே படிக்கும், வீடு எங்கே, மனைவிக்கோ கணவருக்கோ வேலை செய்ய அனுமதி உண்டா, இந்த மூன்றையும் பார்த்தபிறகு சம்பளத்துக்கு வரலாம். நாங்கள் முதலில் சியான் நகரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்தோம், பிறகு ஷாங்காய்க்குப் பக்கத்தில் இருக்கும் சூசோவில் ஒரு சர்வதேசப் பள்ளிக்கு மாறினோம். இரண்டையும் வாழ்ந்து பார்த்ததில் என் முடிவு இது: பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் என்றால் பல்கலைக்கழகம், எட்டைத் தாண்டிவிட்டால் சர்வதேசப் பள்ளி. நடுவில் இருப்பவர்கள்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆங்கில ஆசிரியர் வேலை நம்மவர்களுக்குச் சீனாவில் சுலபமில்லை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளின் பாஸ்போர்ட்டைத்தான் அதற்குப் பொதுவாகக் கேட்கிறார்கள். நமக்குத் திறந்திருக்கிற கதவு கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி. ட்யூஷன் மையங்கள் என்று ஒரு மூன்றாவது வழி இருந்தது. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் ட்யூஷன் நடத்தக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டதும் அந்தத் தொழிலே சரிந்துவிட்டது. மிச்சம் இருப்பவையும் மாலையிலும் சனி ஞாயிறிலும்தான் நடக்கும், பிள்ளை வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து அப்பா வேலைக்குக் கிளம்புகிற பிழைப்பு அது. விட்டுவிடலாம்.

பணக் கணக்கைச் சுருக்கமாக முடிக்கிறேன். பல்கலைக்கழகம் மாதம் 10,000 முதல் 15,000 யுவான் வரை தரும், வீடு இலவசம். பெரிய நகரத்துச் சர்வதேசப் பள்ளியில் 25,000 யுவானுக்கு மேல் சாதாரணம், வாடகைப்படி தனி, வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வர விமானச் செலவும் தருவார்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஷாங்காய், பெய்ஜிங் சர்வதேசப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 2 லட்சம் யுவானில் தொடங்கி 3 லட்சத்தையும் தாண்டும். அந்த இடம் நம் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது, சம்பளம் அதற்குப் பக்கத்தில் சில்லறை. வாடகைப்படி, பிள்ளையின் கல்விப்படி இரண்டுக்கும் வெளிநாட்டவருக்கு வருமானவரி விலக்கு 2027 முடிய உண்டு. ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சம்பளமாகப் போடாமல் ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

வீட்டு விஷயத்தில் வளாகத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவேன். வாசலில் காவலர், உள்ளே மரம், மைதானம், சாப்பாட்டுக் கூடம், பழக்கடை, முடிவெட்டும் கடை எல்லாம் நடக்கிற தூரத்தில். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு வரலாம். பழைய கட்டடம், லிஃப்ட் இல்லாமல் ஐந்தாவது மாடி, குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக நனைகிற அமைப்பு, இதெல்லாம் உண்டு. பழகிவிடும். சர்வதேசப் பள்ளிப் பக்கம் வாடகைப்படியைக் கையில் கொடுத்து வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பொதுவான வழக்கம் ஒரு மாத வாடகை முன்பணம், அதோடு மூன்று மாத வாடகை முன்கூட்டியே, தரகர் கமிஷன் வேறு. முதல் சம்பளம் வருவதற்குள்ளேயே கை காலி. ஊரிலிருந்து கிளம்பும்போதே இதற்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

அப்புறம் குளிர். இதைப் பற்றி யாரும் வேலைக் கடிதத்தில் எழுத மாட்டார்கள். சின்லிங் மலை, ஹுவாய் ஆறு என்று சீனாவின் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது. அதற்கு வடக்கே இருக்கும் ஊர்களில் குளிர்காலத்தில் நகரமே வெந்நீர்க் குழாய் போட்டு வீடுகளைச் சூடாக்கும், தெற்கே அது கிடையாது. சியான் கோட்டுக்கு வடக்கே. நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை வெளியே உறைபனி இருந்தாலும் வீட்டுக்குள் பனியனோடு நடமாடலாம். இட்லி மாவுப் பாத்திரத்தை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் வெந்நீர்த் தகட்டின் மேல் துணி போட்டு வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சூசோ கோட்டுக்குத் தெற்கே. வெளியே குளிர் குறைவு என்று பெயர், வீட்டுக்குள் எலும்பு வரைக்கும் ஏறும். சுவர் ஈரம், போர்வை ஈரம், ஏசியைச் சூட்டில் வைத்தால் தலைக்கு மேல் மட்டும் சூடு, கால் ஜில்லென்று இருக்கும். மாவு இரண்டு நாள் ஆனாலும் அரைத்தபடியே இருக்கும். கடைசியில் தயிர்ப் பானை சைஸ் பெட்டி ஒன்றை தாவ்பாவ் என்ற இணையக் கடையில் வாங்கி அதில் மாவைப் புளிக்க வைத்தோம், ஒருவேளைக்கு எட்டு இட்லிதான் தேறும். ஆனால் காற்று என்று வந்தால் சூசோ தேவலை. சியானில் அதே குளிர்காலத்தில் புகைமூட்டம் தங்கிவிடும், காற்று சுத்திகரிப்பான் ஓடாமல் குழந்தையைத் தூங்கவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இளைப்பு இருக்கிற பிள்ளை என்றால் இந்த ஒரு காரணமே வடக்குச் சீனாவை விலக்கப் போதும்.

இனிப் படிப்பு. பெரிய பல்கலைக்கழகங்களின் வளாகத்திலேயே மழலையர் பள்ளி இருக்கும், பெரும்பாலும் தொடக்கப்பள்ளியும் இருக்கும். ஊழியரின் பிள்ளை என்பதால் இடம் கிடைக்கும், செலவும் குறைவு. மழலையர் பள்ளியைப் பற்றி எனக்குச் சொல்ல நல்லதுதான் இருக்கிறது. காலையில் ஆசிரியை வாசலிலேயே நெற்றியில் காய்ச்சல் பார்த்து, கையைத் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். மதியம் சாப்பாடு, பிறகு வரிசையாகக் கிடக்கும் குட்டிக் கட்டில்களில் எல்லாருக்கும் கட்டாயத் தூக்கம். வெள்ளிக்கிழமை போர்வையைச் சுருட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், துவைத்துத் திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும். பிள்ளை சில மாதங்களில் சீனம் பேசிவிடும். காய்கறிக் கடையில் எனக்கு என் மகன்தான் மொழிபெயர்ப்பாளன், விலை பேசி இரண்டு தக்காளி கூடுதலாகவும் வாங்கிவிடுவான்.

தொடக்கப்பள்ளி வேறு உலகம். முதல் வகுப்பிலிருந்தே தினமும் சொல்வதெழுதுதல், அதைத் திருத்திப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்புக்கு ஒரு வீசாட் குழு, வீசாட் என்பது சீனர்களின் வாட்ஸ்அப். சாயங்காலம் ஆசிரியை வீட்டுப்பாடத்தை அதில் போட்டதும் நாற்பது வீட்டுப் பெற்றோரும் வரிசையாகக் கிடைத்தது, கிடைத்தது என்று பதில் போடுவார்கள், நாமும் போட வேண்டும். சீன எழுத்து தெரியாத அப்பா நோட்டைப் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டி, பையன் எழுதிய எழுத்தில் ஒரு கோடு குறைகிறதா என்று தேடிக்கொண்டிருந்தால் மணி ஒன்பது ஆகிவிடும். கணக்கில் அந்தப் பிள்ளைகள் போகிற வேகம் அபாரம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாதை கடைசியில் போய்ச் சேருவது சீன மொழியில் எழுதுகிற காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில். நான்கைந்து வருடத்தில் ஊர் திரும்பப்போகிற குடும்பத்துக்கு அது எதற்கு? நான்காம் வகுப்பில் இழுத்துக்கொண்டு வந்து சிபிஎஸ்இ பள்ளியில் உட்கார வைத்தால் ஆங்கிலமும் தடுமாறும், தமிழும் எழுத வராது. எட்டு வயதைக் கோடாகப் போட்டேனே, இதனால்தான்.

சர்வதேசப் பள்ளியில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே பள்ளி முடிவில் எழுதுகிற ஐபி டிப்ளமோவுக்கும் ஏ லெவலுக்கும், நம் பிளஸ் டூவுக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகச் சங்கத்தின் இணைச்சான்று கிடைக்கும். பாடம் ஆங்கிலத்தில், சீனம் ஒரு மொழிப்பாடம். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளை மட்டும் சேர்க்க அனுமதி பெற்ற பள்ளி ஒரு ரகம்; சீனப் பிள்ளைகள் படிக்கும் தனியார் இருமொழிப் பள்ளி இன்னொரு ரகம். இரண்டுமே விளம்பரத்தில் சர்வதேசம் என்றுதான் சொல்லிக்கொள்ளும். இரண்டாவது ரகத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை அரசுப் பாடத்திட்டத்தை நடத்தியே ஆக வேண்டும், 2021 செப்டம்பரில் வந்த தனியார் கல்வி விதிகளுக்குப் பிறகு அதில் கண்டிப்பும் கூடியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு இலவச இடம் என்று எழுதியிருப்பார்கள், போய்ப் பார்த்தால் முக்கால்வாசிப் பாடம் சீனத்தில் நடக்கும். மேல்நிலை வகுப்புக்கு ஏ லெவல் எடுக்கிற இயற்பியல், கணித ஆசிரியர்களுக்கு இந்த ரகத்தில்தான் வேலை அதிகம் கிடைக்கிறது என்பதால் நம்மவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எந்த வகுப்பில் எந்தப் பாடம் எந்த மொழியில் என்று கால அட்டவணையையே அனுப்பச் சொல்லுங்கள். இலவசம் என்றால் முழுக் கட்டணமா பாதியா, பஸ், மதியச் சாப்பாடு, சீருடை சேர்த்தியா, இரண்டாவது பிள்ளைக்கும் உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டும். நேர்காணலில் வாயால் சொன்னது எதற்கும் ஆகாது.

வேலை நேரத்தில் பல்கலைக்கழகத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வாரத்துக்குப் பதினான்கு, பதினாறு மணி நேர வகுப்பு, மற்ற நேரம் நம்முடையது, குளிர்கால விடுமுறையே ஒரு மாதத்துக்கு மேல். சர்வதேசப் பள்ளியில் காலை எட்டுக்கு உள்ளே போனால் நாலரை வரை அசைய முடியாது, அதற்கு மேல் பெற்றோர் சந்திப்பு, மன்றங்கள், மதிப்பெண் அறிக்கை. ஆனால் பிள்ளையும் அதே பள்ளி என்றால் காலையில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவது தனிச் சுகம். சர்வதேசப் பள்ளிக்கு இன்னொரு பெரிய பலம் கணவன் மனைவி இருவரும் ஆசிரியராக இருந்தால் தெரியும். சீனாவில் குடும்ப விசாவில் வருகிற துணைவர் வேலை செய்யக் கூடாது, பகுதிநேரம்கூடச் சட்டப்படி முடியாது. பல்கலைக்கழகம் அநேகமாக ஒருவரைத்தான் எடுக்கும், மற்றவர் வீட்டில். சியானில் என் மனைவி அப்படித்தான் இருந்தாள், பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தவள். சம்பளம் போனது ஒருபுறம் இருக்க, எங்கே போனாலும் இவருடைய மனைவி என்றே அறிமுகமாவது அவளைத்தான் அதிகம் வாட்டியது. சர்வதேசப் பள்ளிகள் ஆசிரியத் தம்பதிகளை விரும்பி எடுக்கும், ஒரு வீட்டு வாடகையில் இரண்டு ஆசிரியர் கிடைக்கிறார்களே!

அக்கம்பக்கம் என்று பார்த்தால் வளாகத்துக்குத்தான் கூடுதல் மார்க். அங்கே பேரப்பிள்ளைகளை வளர்ப்பது தாத்தா பாட்டிகள். சாயங்காலம் மைதானத்தில் எல்லாரும் இருப்பார்கள். குழந்தைக்குக் காதுக்குல்லா போடவில்லை என்று முன்பின் தெரியாத பாட்டி நம்மைத் திட்டுவார், அடுத்த நாள் அவரே ஒரு குல்லா பின்னிக்கொண்டு வந்து தருவார். சூசோவில் நாங்கள் இருந்த குடியிருப்பில் நீச்சல் குளம் இருந்தது, பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. சர்வதேசப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம்: ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பில் யாராவது நாட்டை விட்டுக் கிளம்புவார்கள். நெருங்கின நண்பன் போனபிறகு பையன் புது நண்பன் தேட ரொம்ப நாள் எடுத்துக்கொண்டான்.

சில சங்கடங்கள் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். தண்ணீரைக் கேனில் வாங்க வேண்டும். நம் பருப்பு, பெருங்காயம், மிளகாய்த்தூளை இந்தியக் கடைக்காரர்கள் கூரியரில் அனுப்புவார்கள், கறிவேப்பிலைதான் தங்கம். ஊருக்குப் பேசுவது இன்னும் கூத்து. வாட்ஸ்அப் சீனாவில் தடை, வீசாட்டை 2020 ஜூனில் இந்தியா தடை செய்துவிட்டது. இரண்டு தடைக்கும் நடுவில் பாட்டியும் பேரனும் பேச வேண்டும். தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி சில நாள் ஓடும், சில நாள் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைம் எடுக்கும், அம்மாவுக்குப் பழைய ஐபோன் ஒன்று வாங்கிக் கொடுத்ததுதான் நாங்கள் செய்த உருப்படியான செலவு.

எந்தப் பக்கம் போவதாக இருந்தாலும் காகித வேலையை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். 2023 நவம்பர் 7 முதல் சீனாவில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது தூதரகத்துக்குப் போகாமலே வெளிநாட்டில் செல்லும் ஒற்றைச் சான்று, செல்லுபடியாகிறது, ஆஸ்திரேலியச் சக ஆசிரியருக்கு அது ஒன்றே போதும். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையில் அது நடைமுறையில் இல்லை, நமக்கு வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம், அதன்மேல் சீனத் தூதரகச் சான்றொப்பம் என்று பழைய வழிதான். பட்டச் சான்றிதழோடு திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துச் செய்யுங்கள், நம் பெயர் முறைக்கு அது கட்டாயம் தேவைப்படும். என் மகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர், என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர், மனைவியின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். மூன்று பேருக்கு மூன்று குடும்பப்பெயர். விசா அலுவலகத்தில் இருந்த பெண் மூன்று பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பி வைத்து மாறி மாறிப் பார்த்தார். சான்றிதழ்களில் இருக்கும் எழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஊருக்கு அனுப்பித் திருத்தி வாங்க வேண்டும், வேலை விசாவையும் குடும்ப விசாவையும் வசிப்பு அனுமதியாக மாற்ற வந்திறங்கியதிலிருந்து 30 நாள்தான் கெடு.