தப்பி ஓடிய குதிரை: துரத்திப் பிடிப்பதா, நின்று பிடிப்பதா?

நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் சவாரிக்காரர் விழுந்து, குதிரை மட்டும் சேணத்தோடு ஓடிவிட்டால் வழி மூன்று: இன்னொரு குதிரையில் துரத்தலாம், தீவன வாளியைக் குலுக்கிக் கூப்பிடலாம், துணைக்குதிரையோடு நின்று அதுவாக வரவைக்கலாம். என் கட்சி மூன்றாவது. விழுந்தவரை முதலில் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

துரத்துவது ஏன் தோற்கிறது? லாயத்திலேயே நிற்கும் குதிரை கொஞ்ச தூரத்தில் இளைத்து நின்றுவிடும். 80, 160 கிலோமீட்டருக்குப் பழக்கிய குதிரையிடம் அது நடக்காது. பின்னால் குளம்புச் சத்தம் நெருங்க நெருங்க, அதற்கு அது பந்தயம். ஜீப்பும் பைக்கும் இன்னும் மோசம். துரத்திய குதிரையும் சும்மா தப்பாது. பல போட்டிகளில், வழியில் மருத்துவர் குதிரையைப் பார்க்கும் சோதனை வாயிலில் நாடி நிமிடத்துக்கு 64-க்கு இறங்கினால்தான் மேலே விடுவார்கள். பிடிக்கப் போனவரின் போட்டியும் அங்கேயே முடியலாம். முன்னால் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ இருந்தால் மட்டும் போகத்தான் வேண்டும். அப்போதும் பின்னாலேயே போகாமல், அகலமாகச் சுற்றி முன்னால் போய் நிற்க வேண்டும். ஒதுங்க இடமில்லாத ஒற்றையடிப் பாதையில் பாய்ந்து வரும் குதிரையை மறித்து நிற்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாளி முகாமுக்குள் நன்றாகவே வேலை செய்யும். இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிய குதிரைக்குத் தீவனச் சத்தம் பழகிய சத்தம். வழியில் யாரிடம் வாளி இருக்கிறது? இருந்தாலும் பதறிய குதிரைக்குப் பசி தெரியாது. கைப்பிடி தானியம் போதும். உடல் சூடேறிய குதிரை வயிறு நிறையத் தானியம் தின்றால் வயிற்றுவலியில் போய் முடியலாம். வாளிக்குள் தலை நுழைந்ததும் கடிவாள வாரைப் பிடுங்கப் பார்த்துத் தவறவிட்டால், அடுத்த முறை வாளியைப் பார்த்தே அது விலகிப்போகும்.

இனி நின்று பிடிப்பது. முன்னால் போகும் குதிரையின் பின்னே போவதைத்தான் இந்தக் குதிரைகள் மணிக்கணக்கில் பழகியிருக்கின்றன, அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். சாதுவான துணைக்குதிரையை நிறுத்தி, இறங்கி, பக்கவாட்டில் திருப்புங்கள். புல் இருந்தால் மேயவிடுங்கள். தலை தாழ்த்தி மேயும் குதிரையைப் பார்த்தால், அங்கே ஆபத்தில்லை என்று மற்றதும் நம்பும். தப்பிய குதிரை நின்று திரும்பிப் பார்த்தால் அதை நோக்கிப் போகாமல், துணைக்குதிரையை மெதுவாக எதிர்த்திசையில் நடத்துங்கள். பெரும்பாலும் பின்தொடரும். பத்து மீட்டருக்குள் வந்ததும் நில்லுங்கள்.

அதன்பின் தோளை நோக்கிச் சாய்வாகப் போக வேண்டும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குப் பார்வை இல்லாத இடங்கள். தலையைத் தூக்கி விறைத்தால் ஓரடி பின்வாங்குங்கள். தலை தாழ்ந்து வாயை மென்றால் இரண்டடி முன்னே. முதலில் தொட வேண்டியது முகத்தையல்ல, பிடரி முடியும் இடத்தை. அங்கே சொறிந்தபடியே கயிற்றைக் கழுத்துக்கு மேலே போட்டு இரு முனையையும் தொண்டைக்குக் கீழே சேர்த்துப் பிடியுங்கள். கடிவாள வார் அதற்கப்புறம்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு இதில் தீர்ப்பு சொல்வது தொங்கும் கடிவாள வார்தான். பாய்ச்சலில் ஓடும் குதிரை அதைத் தானே மிதித்தால் இழுப்பு முழுவதும் வாயில் இருக்கும் இரும்புக்குப் போகும். வார் அறுந்தால் அதிர்ஷ்டம்; அறாவிட்டால் நாக்கு கிழியும், அல்லது குதிரையே தலைகுப்புற விழும். நடக்கும் வேகத்தில் மிதித்தால் பெரும்பாலும் திடுக்கிட்டு நிற்கும், அவ்வளவுதான். துரத்துவது அந்த ஆபத்தைக் கூட்டுகிறது, நிற்பது குறைக்கிறது. சேணம் வயிற்றுக்கடியில் புரண்டிருந்தாலும் இதே கணக்கு. பிடித்தபின் முதலில் மார்பு வாரையும் வால் வாரையும் கழற்றுங்கள், வயிற்று வார் கடைசி. மாற்றிச் செய்தால் சேணம் மார்பு வாரில் தொங்கிக் கால்களில் அடிக்கும், மறுபடியும் ஓட்டம்தான். கடிவாளத்துக்கு அடியில் ஹால்டரும் (வாயில் இரும்பில்லாத தலைக்கட்டு), கழுத்தில் சுற்றிக் கட்டிய கயிறும் முன்பே இருந்தால் பாதி வேலை மிச்சம்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் சரிப்படும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பொலிகுதிரை (விதையடிக்காத ஆண் குதிரை) தப்பினால் துணைக்குதிரையே சண்டைக்குக் காரணமாகலாம். இருட்டில் குதிரையின் தலையும் காதும் நமக்குச் சரியாகத் தெரியாததால் பாதி ஊகம்தான். டார்ச்சை அதன் கண்ணில் அடிக்காமல் தரையில் அடியுங்கள். கண்ணுக்கு மறைந்துவிட்டால் பின்னால் ஓடாமல், கடைசியாகக் கண்ட இடம், நேரம், போன திசை, குதிரையின் எண் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் கிளம்பிய முகாமுக்கோ, முன்னால் போன குதிரைகளிடமோதான் போய்ச் சேரும். சேணத்தில் கைபேசி எண் எழுதிய அட்டை தொங்கினால் பிடித்தவர் உடனே கூப்பிடுவார்.

பிடித்த கையோடு ஏறிவிடாதீர்கள். வாயைத் திறந்து நாக்கின் ஓரத்தைப் பாருங்கள், நான்கு கால்களையும் கையால் தடவுங்கள், பத்து நிமிடம் நடத்துங்கள், நாடியை எண்ணுங்கள். நொண்டல் தெரிந்தால் அடுத்த சோதனை வாயில்வரை கையில் பிடித்தே நடத்துங்கள், மருத்துவர் பார்த்தபின்தான் மற்றதெல்லாம்.