நாற்பதா, நூறா? கடலூரில் இன்சுலின் வாங்கிய அனுபவம்

எனக்கு டைப் 1 சர்க்கரை, உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்கவே சுரக்காத வகை. பதினெட்டு வருடமாக ஊசி போட்டுக்கொள்கிறேன், நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இந்த முறை ஜூலையில் ஆறு வாரம் கடலூரில் அம்மாவோடு இருந்தேன். கையில் கொண்டுபோன இன்சுலினில் பெரும்பகுதி வீணாகிவிட்டது, ஊரில் வாங்கித்தான் சமாளித்தேன். அங்கே கற்றுக்கொண்டதை, இணையத்தில் மலிவு இன்சுலின் தேடும் நம் ஆட்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் பழைய கதை. 2019 ஜனவரியில் வேலை மாறியபோது என் காப்பீடும் மாறியது. டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தர ஆரம்பிக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, தீரும்வரை முழு விலை நான்தான் கட்ட வேண்டும். நான் போடும் லிஸ்ப்ரோ என்ற வேகமாக வேலை செய்யும் இன்சுலின், 10 மி.லி. பாட்டில் ஒன்று, ஏறக்குறைய 275 டாலர். எனக்கு மாதம் இரண்டு வேண்டும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த விஷயம் தெரிந்ததால் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

கோபத்தில் இரவு உட்கார்ந்து தேடி, கனடா கொடி போட்ட ஒரு தளத்தில் ஆர்டர் செய்தேன். மருத்துவர் சீட்டு கேட்கவில்லை. முகவரி இல்லை, கூப்பிட்டுப் பேச மருந்தாளுநரும் இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு பெட்டி கிடந்தது. தபால் முத்திரை கனடாவுடையது இல்லை. ஐஸ் ஜெல் எப்போதோ உருகிப்போயிருந்தது. பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பு. பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் சூட்டில் கெட்ட இன்சுலின் பெரும்பாலும் பார்வைக்குத் தெரியாது. போட்டபிறகு சர்க்கரை இறங்காதபோதுதான் தெரியும். பணம் போனது போகட்டும் என்று குப்பையில் போட்டேன். அன்று அழுதேன்.

சரி, கடலூருக்கு வருகிறேன். விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் வைத்திருந்தேன். சரக்குப் பகுதியில் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்துவிடலாம். அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்ததை வீட்டில் கோட்டை விட்டேன். அம்மாவின் ஃப்ரிட்ஜ் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீசருக்கு நேர் கீழே இரண்டு பாட்டிலை வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டும் உறைந்து கிடந்தன. உறைந்த இன்சுலின் திரும்ப உருகி நன்றாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை வேண்டும், அதற்குக் கீழே போனாலும் கெடுதல்தான். மிச்சம் இருந்தது நான் திறந்து பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரே பாட்டில்.

அதைத் தூக்கிக்கொண்டு லாரன்ஸ் ரோட்டில் அம்மா வழக்கமாக வாங்கும் மருந்துக்கடைக்குப் போனேன். சிரிஞ்சும் தீரும் நிலையில் இருந்ததால் முதலில் அதைக் கேட்டேன். கடைக்காரர் எழுபது வயது இருக்கும் பெரியவர். எடுத்துக் கொடுக்கவில்லை. "நாப்பதா, நூறாம்மா?" என்றார். புரியாமல் விழித்தேன். "அம்மா போடுறதே குடுங்கண்ணா" என்றேன். "அம்மாவோடது வேற. உன் பாட்டிலக் காட்டு" என்றார்.

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் சாதாரணமாக மருந்துக்கடையில் கிடைக்கும் பாட்டில் எல்லாம் யூ-100, அதாவது ஒரு மி.லி.யில் 100 யூனிட். நம் ஊரில் அம்மா மாதிரி நிறையப் பேர் போடும் மனித இன்சுலின் (மனித உடலில் சுரப்பதைப் போலவே தயாரிப்பது) பாட்டில் யூ-40, ஒரு மி.லி.யில் 40 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. ஊரிலேயே பேனா மாதிரி இருக்கும் ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜ் (சிறு மருந்துக் குப்பி) 100தான், அதனால் ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்.

பெரியவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். என் 100 பாட்டிலில் அம்மாவின் சிவப்பு மூடி சிரிஞ்சை வைத்து 12 யூனிட் குறி வரை இழுத்தால், உள்ளே போவது 12 இல்லை, 30 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தாழ்ந்து நினைவு தப்பலாம், உயிரே போகலாம். மாற்றிச் செய்தால், அம்மாவின் 40 பாட்டிலில் என் சிரிஞ்சால் 20 யூனிட் குறி வரை இழுத்தால் வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் புரியாது. இணையத்தில் வேறு நாட்டு இன்சுலினை வாங்குகிறவர்கள் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். நான் 2019இல் பார்க்கவே இல்லை.

அமெரிக்கச் சீட்டை அவர் ஏற்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவரிடம் அனுப்பினார். அவர் என் பழைய சீட்டையும் சர்க்கரை அளவுகளையும் பார்த்து, அதே லிஸ்ப்ரோவை 100 என்று தெளிவாகக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்ததும் பெரியவர் என் கண்முன்னால் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்தார். உள்ளே ஒரு வெப்பமானி தொங்கியது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு இன்வெர்ட்டரைக் காட்டினார். பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டும் பில்லில் எழுதினார். 3 மி.லி. கார்ட்ரிட்ஜ், 300 யூனிட், ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள்தான் வந்தது. அம்மாவின் மனித இன்சுலின் பாட்டில் இருநூறுக்குள் வந்துவிடுகிறது, அது விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்குகிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு.

வீட்டுக்குக் கொண்டுபோகத் தெர்மோகோல் பெட்டி கொடுத்தார். ஐஸ் மேல் நேராகப் படாமல் செய்தித்தாளில் சுற்றி வைத்தார். பக்கத்து வீட்டு அத்தை ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் பாட்டிலை வைத்திருந்தாராம். திறந்த இன்சுலின் பெரும்பாலானவை அறை வெப்பத்தில் 28 நாள் தாங்கும், ஆனால் அந்த அறை 30 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். கடலூர் வெயிலில் அதற்குப் பானை உண்மையிலேயே உதவும்.

அப்புறம் ஒருநாள் புதுச்சேரி போய், அங்கே வந்திருந்த அத்தை மகளைப் பார்த்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், பாரிஸில் இருக்கிறாள், அவளுக்கும் சர்க்கரை. அங்கே அரசுக் காப்பீட்டின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் இன்சுலினுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கட்டுவதில்லை என்றாள். நான் எவ்வளவு கட்டினேன் என்று சொன்னபோது நம்ப மறுத்தாள். ஒரே நோய், ஒரே மருந்து. இது நியாயமே இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் ஊரில் இருப்பது தெரிந்து டெக்சாஸில் இருக்கும் தம்பி முறைப் பையன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அக்கா, அங்கேருந்து கூரியர்ல ஒரு வருஷத்துக்கு அனுப்ப முடியுமா?" முடியாது என்றேன். வெளிநாட்டு மருந்தைத் தபாலில் வரவழைப்பது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டதில்லை. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்குள் இருந்தால் அதிகாரிகள் விட்டுவிடலாம், விட்டே ஆக வேண்டும் என்பதில்லை. அதைவிட, வழியில் எந்தக் கிடங்கில் எத்தனை நாள் வெயிலில் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவனிடம் வேறு ஒன்று சொன்னேன். 2023இல் இன்சுலின் தயாரிக்கும் எலி லில்லி நிறுவனம் தன் முக்கிய இன்சுலின்களின் பட்டியல் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களான நோவோ நார்டிஸ்க், சனோஃபி இரண்டும் 2024 ஜனவரியில் குறைத்தன. காப்பீடு இல்லாதவர்களுக்கும் மாதம் 35 டாலர் திட்டம் இருக்கிறது, ஆனால் நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நீ போடுவது எந்த நிறுவனத்துடையது என்று பார், அவர்களுடைய உதவி எண்ணைக் கூப்பிடு, இல்லையென்றால் உன் மருந்துக்கடையில் மருந்தாளுநரிடம் நேராகக் கேள் என்றேன். இரண்டு நாள் கழித்து பில்லைப் படம் எடுத்து அனுப்பினான். 35 டாலர்.

கிளம்பும் முன் அம்மாவின் சிவப்பு மூடி சிரிஞ்சுகளை ஒரு டப்பாவில் போட்டு, மேலே "40" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். என்னுடையது மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டேன், ஒன்றுகூட அந்த வீட்டில் விட்டு வரவில்லை.