மிலிட்டரி டாக்டர் இல்லாத பல் கிளினிக்

காட்பாடியில் பழைய ஆட்கள் ‘மிலிட்டரி டாக்டர்’ என்று சொல்லும் பல் மருத்துவரிடம் நான் முதன்முதலாகச் சென்றது 1994-இல். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லிவிட்டிருந்தார்கள். இவர் எக்ஸ்ரே பிலிமை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பின்பு, “பிடுங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும், அது எங்கேயும் ஓடிப்போகாது. இன்றைக்கு மருந்து வைக்கிறேன், வியாழக்கிழமை வாருங்கள்” என்றார். அந்தப் பல் இன்றும் என் வாயில் இருக்கிறது. அவர்தான் கடந்த மார்கழியில் தமது 89-ஆவது வயதில் காலமானார். அவருடைய மகள் வழிப் பேத்தி இப்போது கிளினிக்கை நடத்துகிறார். ‘டாக்டர் போன பிறகும் அங்கே போகலாமா?’ என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டதால், முப்பது ஆண்டுக்கால நோயாளி என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கிளினிக் என்பது வீட்டின் முன்பகுதிதான். திண்ணையில் இரண்டு மர பெஞ்சுகள், உள்ளே சிகிச்சை அறை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிராம்பு எண்ணெய் வாசனை வந்துவிடும். ஏசி சிகிச்சை அறைக்குள் மட்டுமே உண்டு. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலில் அந்தத் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்காருவது எளிதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு மூன்று படிகள் இருக்கின்றன, கைப்பிடி இல்லை. முழங்கால் வலியுள்ள முதியவர்களை யாராவது தாங்கிப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். டாக்டர் இருந்த காலத்திலேயே பலமுறை சொல்லிப் பார்த்தும் நடக்காத காரியம் இது.

1953-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பகுதியாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியதே, அதன் தொடக்க ஆண்டு மாணவர்களில் அவர் ஒருவர். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் மருத்துவர்களைத் தேடியபோது ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவான ஆர்மி டென்டல் கோரில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் உருவான பிரிவு அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று, 1987-இல் இந்தக் கிளினிக்கைத் திறந்தார். போர்க்களத்தில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று ஒருமுறை அவரிடமே அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1971 பாகிஸ்தான் போரில் தாடை உடைந்து வந்த ஜவான்களைப் பற்றிச் சொன்னார். மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் கம்பியால் பிணைத்துத் தாடையை அசையாமல் கட்டுவார்களாம். அப்படிக் கட்டப்பட்டவருக்கு இரவில் வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும் என்பதால், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்களாம். போரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். வீரக்கதை எதையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ராணுவத்தின் அடையாளம் வேறு விதத்தில்தான் அங்கே தெரிந்தது. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான். தாமதமாக வந்தவர் கவுன்சிலராகவே இருந்தாலும் வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும். ஆள்சேர்ப்பு முகாம் நெருங்கும் நாட்களில் பெஞ்சுகள் முழுவதும் இளைஞர்களாக இருப்பார்கள். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இந்தப் பக்கத்தில்தானே இருக்கிறது. ராணுவத்தில் பற்களுக்கும் மதிப்பெண் உண்டு என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப் பல் ஆகியவற்றுக்கு ஒன்று; கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு. ஆனால் மேலே உள்ள பல்லுக்கு நேர் கீழே இன்னொரு பல் இருந்து, இரண்டும் சேர்ந்து கடித்தால்தான், அந்த ஜோடிக்குச் சேர்த்து அந்த மதிப்பெண். 32 பற்களும் ஒழுங்காக இருந்தால் 22 கிடைக்கும். 14-க்குக் குறைந்தால் தேர்வாக முடியாது. கண்ணாடியும் கையுமாக அவர் ஒவ்வொருவரின் வாயையும் பார்த்து எண்ணிக்கொண்டு போவதும், பக்கத்தில் ஒரு சிறுமி நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வருவதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எண்ணிக்கை போதாத பையனை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. எந்தப் பல்லை அடைத்தால் காப்பாற்றலாம் என்று பார்த்து, அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார். அவர்களிடம் பணம் வாங்கி நான் பார்த்ததில்லை.

கோடு போட்ட அந்தச் சிறுமிதான் இப்போதைய டாக்டர். தகப்பனார் வளைகுடாவில் வேலை பார்த்ததால் தாத்தா வீட்டிலேயே வளர்ந்தவர். சாயங்காலம் நான்கு மணிக்குப் பள்ளிக்கூட ஆட்டோவின் சத்தம் கேட்டதும், பஞ்சைக் கடித்தபடி காத்திருக்கும் நோயாளியை அப்படியே விட்டுவிட்டு டாக்டர் வாசலுக்குப் போவார். நான்கு நிமிடம் கழித்துக் கையில் புத்தகப் பையோடு திரும்புவார். நேரத்தில் அத்தனை கறாரான மனிதர் தமக்கு அனுமதித்துக்கொண்ட ஒரே ஒழுங்கீனம் அது. எனக்கே இரண்டு முறை அப்படி நேர்ந்திருக்கிறது. எரிச்சலாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். பேத்தியின் பால்பற்களில் ஒன்றைக்கூட அவர் பிடுங்கவில்லை. தானாக விழும்வரை காத்திருந்து, விழுந்தவற்றை ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளில் போட்டுத் தேதி எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். தாடையின் அச்சு எடுக்கும் வெள்ளை மாவைக் குழைத்துத் தந்து விரல் அச்சு எடுக்கச் சொல்வதுதான் அந்தப் பெண்ணுக்கு அவர் தந்த விளையாட்டுச் சாமான். பி.டி.எஸ். முடித்துப் பேத்தி கிளினிக்கில் உட்கார்ந்த முதல் நாளன்று, தாத்தாவிடமே காட்ட வேண்டும் என்று நாங்கள் நான்கைந்து பேர் அடம்பிடித்தோம். “டாக்டர் அங்கே இருக்கிறார். நான் டோக்கன் கொடுப்பவன்” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இருவரின் வேலையிலும் வேறுபாடு உண்டு. அவர் வெள்ளிக் கலவையையும் பாதரசத்தையும் சிறு கல்வத்தில் அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து, அமால்கம் அடைப்பவர். கருப்பாகத் தெரியுமே என்று கேட்டால், “பல் சிரிக்கவா, மெல்லவா?” என்பார். பேத்தி பல்லின் நிறத்திலேயே கம்போசிட் என்னும் பிசின் கலவையை அடைக்கிறார். பாதரசத்தைக் குறைக்கச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கை பற்றி இருவரும் நோயாளியின் தலைக்கு மேலேயே வாதம் செய்வார்கள். ஆனாலும் 1996-இல் தாத்தா அடைத்த என் வெள்ளி அடைப்பை எடுத்துவிட்டு வெள்ளையாக மாற்றித் தரும்படி நான் கேட்டபோது, பேத்தி மறுத்துவிட்டார். நன்றாக இருக்கும் அடைப்பைக் குடைந்தால் பாதரச ஆவி அதிகமாக வரும், பல்லும் வீணாகத் தேயும் என்றார். கூடுதல் பணம் கிடைக்கும் வேலையை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் இன்னும் போகவில்லை.

சென்ற மாதம் எனக்கு மேல்தாடைப் பல் ஒன்றில் வேர் சிகிச்சை செய்தார். மூன்று முறை போக வேண்டியிருந்தது. 3,500 ரூபாய் ஆயிற்று, கேப்புக்குத் தனி. மரத்துப்போகும் ஊசியை மிக மெதுவாகச் செலுத்துகிறார்; இந்த ஒன்றில் தாத்தாவைவிடப் பேத்தி மேல் என்று தயங்காமல் சொல்வேன். புகையிலை போடுகிறவர்களைத் தாத்தா திண்ணை முழுவதும் கேட்கும்படி திட்டுவார். அதற்கு அஞ்சியே பலர் வராமல் நின்றார்கள். இவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறார், அவர்கள் திரும்பவும் வருகிறார்கள். குறை என்று பார்த்தால், இப்போது போனிலும் நேரம் கொடுப்பதால் டோக்கன் வரிசையும் போன் வரிசையும் குழம்பி அரை மணி நேரம் தாமதமாகிறது. பெரியவர் இருந்திருந்தால் இதைப் பொறுத்திருக்க மாட்டார். தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை வெளியில்தான் எடுத்து வர வேண்டும். ஞானப்பல் எலும்புக்குள் புதைந்திருந்தால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பழைய நோயாளிகள் தங்கள் அட்டை எண்ணைக் கொண்டுபோனால் நல்லது. தொலைந்துவிட்டாலும் பாதகமில்லை, பெயரையும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையும் சொன்னால், பச்சை டிரங்குப் பெட்டியிலிருந்து பேத்தி தேடி எடுத்துவிடுகிறார். அதில் இருப்பதெல்லாம் பெரியவரின் கையெழுத்து. மருந்துக்கடைக்காரர்களே தடுமாறும் எழுத்து அது. என் அட்டையில் 1994-இல் எழுதிய வரியைப் பேத்தி நிறுத்தாமல் வாசித்துக் காட்டினார்: “பிடுங்க வேண்டாம். வியாழன் வருவார்.”